பொன்னுத்தாய் உட்கார்ந்திருந்தார்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு யாராவது கண்டுபிடித்து முகத்துக்கு நேரே கேட்பதைவிட நானாக ஒப்புக்கொள்வது மரியாதை. இது என் கற்பனையில் உதித்தது அல்ல. திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் சுடிதார் பிரிவில் வேலை பார்க்கும் பெண் ஒருவர் ஒரு வெள்ளைத்தாளின் இரண்டு பக்கமும் எழுதிக் கொடுத்தார். அதை நான் எடுத்து, மாற்றி, விற்று, சாப்பிட்டு, ஏப்பமும் விட்டாயிற்று. ஆனால் செரிக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கடையின் பெயரைக் கேட்காதீர்கள். தெப்பக்குளத்துக்கும் மலைக்கோட்டை வாசலுக்கும் நடுவே, நான்கு மாடியில், இந்தக் கதைக்காக நானே ஒரு கடையைக் கட்டியிருக்கிறேன். அங்கே போய்த் தேடினால் கிடைக்காது. இடம் போதாமல் இரண்டு பாத்திரக்கடைகளையும் ஒரு வளையல் கடையையும் கொஞ்சம் தள்ளி வைத்தேன். எழுத்தாளனுக்கு மாநகராட்சி அனுமதி தேவையில்லை என்பது இந்தத் தொழிலில் இருக்கிற ஒரே சலுகை.

இன்னொன்று. 'நான்' 'நான்' என்று எழுதிக்கொண்டே போனால் பாவமன்னிப்புக் கேட்கிற தொனி வந்துவிடும். நீங்களும் மனசு இளகி மன்னித்துவிடுவீர்கள். அது எனக்கு வேண்டாம். ஆகவே என்னைத் தூக்கிக் கதைக்குள் போட்டு, செந்தமிழன் என்று பெயர் வைக்கிறேன். வயது நாற்பத்தேழு. ஸ்ரீரங்கத்தில் வடக்குச் சித்திரை வீதியில் வாடகை வீடு. 'அவன்' என்றுதான் எழுதப் போகிறேன். 'அவர்' போடுகிற அளவுக்கு அவன் இதுவரை ஒன்றும் செய்துவிடவில்லை.

2

முதல் வாக்கியம் தயார்:

பொன்னுத்தாய் உட்கார்ந்திருந்தார்.

நல்ல வாக்கியம்தான். சின்னது, யாருக்கும் புரியும். ஒரே குறை, பொய். பொன்னுத்தாய் அந்தக் கடையில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறார். காலை ஒன்பதரைக்கு வந்து நின்றால் ராத்திரி ஒன்பது மணிவரை நிற்பார். மதியம் சாப்பாட்டுக்கு மட்டும் அரைமணி நேரம் உட்காருவார். ஆகவே,

பொன்னுத்தாய் நின்றுகொண்டிருந்தார்.

இதில் என்ன கதை இருக்கிறது? அந்த நேரத்தில் திருச்சியில் எத்தனையோ ஆயிரம் பேர் எங்கெங்கோ நின்றுகொண்டுதான் இருந்திருப்பார்கள். கொஞ்சம் கனமாக ஆரம்பித்துப் பார்ப்போம்.

உலகமயத்துக்குப் பிந்தைய நுகர்வுப் பண்பாட்டில் உழைக்கும் பெண்ணின் உடல் என்பது—

(வேண்டாம். இது செந்தமிழன் ஞாயிற்றுக்கிழமை பேசுகிற பேச்சு. உறையூரில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில், மாதம் இரண்டு ஞாயிறு, ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். முதலாளித்துவம் நம் பண்பாட்டை என்ன செய்கிறது, மனிதர்களுக்கு வேறொரு உலகத்தைக் கற்பனை செய்கிற சக்தி ஏன் வற்றிவிட்டது என்றெல்லாம் விவாதம் நடக்கும். பேசுகிறவனுக்குக் குஷன் வைத்த நாற்காலி உண்டு.)

சரி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பொன்னுத்தாய்க்கு நாற்பத்தொரு வயது. காட்டூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறார். வலது முழங்கால் இரண்டு வருடமாக வீங்குகிறது. டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, ரொம்ப நேரம் நிற்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அதற்குப் பிறகுதான் கேட்டார்.

கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்ததே, அப்போது இந்தக் கடைக்கும் ஸ்டூல்கள் வந்தன. சுடிதார் பிரிவில் ஒன்பது பெண்கள், நான்கு ஸ்டூல்கள். வந்த வாரமே தள்ளுபடிக் கட்டுகள் அவற்றின்மேல் ஏறி அமர்ந்துகொண்டன. யாராவது ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தெரிந்தால் கட்டுகள் இறங்கும், போனதும் ஏறும். மற்றபடி சுடிதார்கள் உட்கார்ந்திருந்தன, பெண்கள் நின்றார்கள்.

3

கடையின் இருபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்குச் சின்ன முதலாளி ஒரு போட்டி வைத்தார். சின்னவர் பெங்களூரில் மேல்படிப்பு படித்துவிட்டு வந்தவர். ஊழியர்களைக் 'குடும்பம்' என்று சொல்லுவார். 'நம் கடை, இன்னும் இருபத்தைந்து ஆண்டுகளில்' என்று தலைப்புக் கொடுத்து, ஆளுக்கொரு தாளும் பேனாவும் கொடுத்தார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் கற்பனை பண்ணுங்கள், கற்பனைக்குக் காசு கிடையாது என்று மைக்கில் சொன்னார்.

எல்லாரும் சமர்த்தாக எழுதினார்கள். துபாயில் கிளை வரும் என்றார்கள். ரோபோ வந்து சேலையை விரிக்கும் என்றார்கள். சின்னவரின் மகன் கல்லாவில் இருப்பார் என்றுகூட ஒருவர் எழுதினார். சின்னவருக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை.

பொன்னுத்தாய் எழுதியதை அப்படியே தருகிறேன். விளம்பரத்துக்காகச் செந்தமிழன் இதைத் திருத்தினான்; அந்தத் திருத்தத்தைக் காட்ட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

'இருவத்தஞ்சு வருசம் கழிச்சு எங்க கடையில நாங்க உக்காந்திருப்போம். வாங்க வர்றவங்களும் உக்காருவாங்க. எத்தன சுடிதார் வேணும்னாலும் விரிச்சுப் பாக்கலாம். ஆனா விரிச்சவங்களே மடிச்சு வைக்கணும். மடிக்கத் தெரியாதவங்களுக்கு நாங்க சொல்லிக் குடுப்போம். மடிக்கும்போதுதான் இது நமக்கு வேணுமா வேணாமான்னு தெரியும். பாதிப் பேரு வேணாம்னு போயிருவாங்க. அவங்களுக்கும் டீ உண்டு. வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம முதலாளி எங்க செக்சன்ல இருப்பாரு. அன்னைக்கு நாங்க கல்லாவுல இருப்போம். யாரு முதலாளின்னு வர்றவங்களுக்குத் தெரியாது. கொஞ்ச நாள்ல எங்களுக்கும் மறந்துரும்.'

செந்தமிழன் இதை முதலில் படித்தபோது அவனுக்கு வந்தது பொறாமை. மதிப்பெல்லாம் அப்புறம்தான் வந்தது. உறையூர் மாடியில் நான்கு வருடமாகப் பேசுகிறார்களே, அதில் ஒருத்தராவது 'மடிக்கும்போதுதான் வேணுமா வேணாமான்னு தெரியும்' என்று சொன்னதுண்டா? அந்த வரியின் கீழே இரண்டு கோடு போட்டான்.*

* கோடு போட்டது தலைவணங்கி அல்ல. விளம்பரத்துக்கு ஆகாத வரிகளை அப்படித்தான் குறித்துவைப்பான்.

4

அவன் கைக்கு அந்தத் தாள் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். செந்தமிழன் ஞாயிறு போக மீதி ஆறு நாளும் விளம்பரம் எழுதுகிறவன். நகைக்கடை, ஜவுளிக்கடை, நெய், ரியல் எஸ்டேட், எல்லாம் உண்டு. நுகர்வு வெறியைத் திட்டி அவன் எழுதிய கட்டுரைத் தொகுப்பு ஒன்று முந்நூறு பிரதி அச்சாகி, இருநூற்றுப் பதினாறு பிரதி அவன் வீட்டுப் பரணில் இருக்கிறது. அந்தப் பரண் இருக்கிற வீட்டுக்கு வாடகை கொடுப்பது நெய் விளம்பரம்.

சின்னவர் கூப்பிட்டு அனுப்பினார். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்துப் போனான். சின்னவர் அந்தத் தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, இதைப் படித்து ராத்திரி தூக்கம் வரவில்லை என்றார். பொன்னுத்தாய்க்கு முதல் பரிசு கொடுத்தாயிற்று, ஒரு சுவர்க்கடிகாரம். இப்போது இதையே நாற்பது விநாடி விளம்பரமாக எடுக்க வேண்டும், அவரையே நடிக்க வைக்க வேண்டும். உண்மை ஊழியர், உண்மைக் கனவு.

பிறகு இருவருமாக உட்கார்ந்து கனவைத் திருத்தினார்கள். வாடிக்கையாளர் மடிப்பது போயிற்று. காசு கொடுக்கிறவர்களை வேலை வாங்குவதா? பாதிப் பேர் வாங்காமல் போவது போயிற்று. அதற்குக் காரணம் சொல்லவே தேவைப்படவில்லை. முதலாளி சுடிதார் பிரிவில் இருப்பதைப் படித்துச் சின்னவர் ரசித்துச் சிரித்தார், ஆனால் அப்பாவுக்குப் பிடிக்காது என்றார். டீ மட்டும் பிழைத்தது. கப்பில் கடையின் பெயர் இருக்கும். உட்கார்வதும் பிழைத்தது. சுடிதார் பிரிவில் ஒரு பெண் கம்பீரமாக நாற்காலியில் அமர்ந்திருக்கிறார், வாடிக்கையாளர் வருகிறார், எதிரே அமர்கிறார், இருவரும் டீ குடிக்கிறார்கள். அவ்வளவுதான்.

அவ்வளவாவது மிஞ்சியதே என்று செந்தமிழன் சந்தோஷப்பட்டான். ஊர் பூராவும் பார்க்கிற விளம்பரத்தில் ஒரு விற்பனைப் பெண் உட்கார்ந்திருந்தால், நாளைக்கு நிஜத்திலும் உட்கார வைத்துத்தானே ஆக வேண்டும்? இதை அவன் பஸ்ஸில் வரும்போது காவிரிப் பாலத்தின் மேல் யோசித்தான். அந்தப் பாலத்தில் காற்று நன்றாக இருக்கும், எதை நினைத்தாலும் சரியென்றே தோன்றும்.

5

படப்பிடிப்பு கடை திறப்பதற்கு முன்னால், காலை ஏழு மணிக்கு. இரண்டாவது மாடி. முதலாளி அறையிலிருந்து ஒரு தேக்கு நாற்காலியைத் தூக்கி வந்து போட்டார்கள். ஸ்டூல் படத்தில் எடுபடாது என்று இயக்குநர் அனீஸ் சொல்லிவிட்டான். அனீஸ் கல்யாண வீடியோ எடுத்துப் பேர் வாங்கியவன், மணமேடையில் யார் எப்படி உட்கார வேண்டும் என்று நன்றாகத் தெரியும்.

பொன்னுத்தாய் உட்கார்ந்தார். எஸ்கலேட்டரில் வாடிக்கையாளராக நடிக்கும் பெண் ஏறி வந்தாள். பொன்னுத்தாய் எழுந்து, 'வாங்கம்மா' என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மறுபடி எடுத்தார்கள், மறுபடி எழுந்தார். மூன்றாவது டேக்கில் 'வாங்கம்மா' சொல்லவில்லை, ஆனால் எழுந்துவிட்டார். ஐந்தாவதில் அனீஸ் பக்கத்தில் வந்து, உங்களை முதலாளியம்மா என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றான். அப்படியே நினைத்துக்கொண்டு எழுந்தார். ஏழாவதில் நாற்காலியின் கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆள் எழவில்லை, ஆனால் குதிகால் இரண்டும் தரையைவிட்டு எழும்பி நின்றது படத்தில் தெளிவாகத் தெரிந்தது. ஒன்பதாவதில் மாடி சூப்பர்வைசர் சவரிராயன் நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து அவருடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டார். அப்படியும் எழுந்தார். பத்தாவதில் மடியில் இரண்டு சுடிதார் கட்டுகளை வைத்துப் பார்த்தார்கள். எழுந்தார், கட்டுகள் விழுந்தன, குனிந்து பொறுக்கி அடுக்கினார், பிறகு 'வாங்கம்மா' என்றார்.

பதினோராவது டேக் முடிந்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"மனசு உக்காந்துதான் சார் இருக்கு. காலு கேக்க மாட்டேங்குது."

கீழே ஷட்டர் தூக்குகிற சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது.

6

(இந்த இடத்தில் செந்தமிழனைக் கொஞ்சம் வெளியே அனுப்ப வேண்டியிருக்கிறது. அடுத்து நடந்ததை அவன் தலையில் கட்டினால் அது நியாயமில்லை.)

சின்னவர் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் தொங்கிவிட்டது. செலவு செய்தாயிற்று, பத்து மணிக்குக் கடை திறந்தாக வேண்டும். அப்போது நான் சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

"விட்டுடுங்க சார். எந்திரிக்கிறதையே வெச்சுக்கலாம்."

வரியும் கூடவே வந்துவிட்டது, யோசிக்கக்கூட இல்லை: உட்காரச் சொன்னாலும், உங்களைக் கண்டால் எழுந்து நிற்போம். அது எங்கள் பண்பாடு.

சின்னவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அனீஸ் கைதட்டினான். சவரிராயன்கூட நாற்காலிக்குப் பின்னாலிருந்து எழுந்து கைதட்டினார். ஏழாவது டேக்கை விட்டால் எதை எடுத்தாலும் சரியாக இருந்தது, மற்ற எல்லாவற்றிலும் எழுந்திருந்தாரே. பொன்னுத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முடிந்துவிட்டதா என்று கேட்டார். முடிந்துவிட்டது, பிரமாதமாகப் பண்ணினீர்கள் என்றேன். அவருக்கு ஆசுவாசமாகிவிட்டது, வேலையைக் கெடுத்துவிட்டோமோ என்று அதுவரை பயந்துகொண்டிருந்திருக்கிறார். அப்புறம் எல்லாருக்கும் டீ வந்தது.

வெட்கம் கெட்டவன் நான். அந்த டீயையும் குடித்தேன்.

7

விளம்பரம் பிய்த்துக்கொண்டு ஓடியது. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பெரிய திரையில், உள்ளூர் சேனல்களில், கைபேசிகளில் எல்லாம் பொன்னுத்தாய் எழுந்தார். இதுதான் நம் தமிழ்ப் பண்பாடு என்று கீழே ஆயிரக்கணக்கில் கருத்து எழுதினார்கள். உறையூர் மாடியில்கூட ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை எடுத்து அலசினார்கள். உழைக்கிறவரின் வலியையே மரியாதை என்று பேர் மாற்றி விற்கிற தந்திரத்தைச் செந்தமிழன் நாற்பது நிமிடம் பிரித்து மேய்ந்தான். அந்த வரியை எழுதியவன் எவனோ அவன் பண்பாட்டின் கூலிப்படை என்றான். கைதட்டல் நன்றாக இருந்தது.

கடைக்கு வருகிறவர்கள் விளம்பரத்தில் பார்த்ததை எதிர்பார்க்க ஆரம்பித்தார்கள். ஆகவே சின்னவர் உத்தரவு போட்டார். ஸ்டூல்களின் மேலிருந்த கட்டுகள் நிரந்தரமாக இறங்கின. இன்னும் ஐந்து ஸ்டூல்கள் வந்தன. எல்லாரும் உட்கார்ந்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் வந்தால் சிரித்த முகத்தோடு எழ வேண்டும். அவர் போனதும் உட்கார வேண்டும். கவுண்டருக்குப் பின்னால், வருகிறவர்கள் கண்ணில் படாமல், சவரிராயன் ஒரு அட்டை ஒட்டினார்: 'வாடிக்கையாளர் நிற்கும்போது ஊழியர் உட்கார்ந்திருக்கக் கூடாது.' மேலே ஒரு கேமராவும் இருந்தது.

தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது அந்த மாடிக்கு நிமிடத்துக்கு இரண்டு பேர் ஏறி வருவார்கள். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பொன்னுத்தாய்க்குப் பக்கத்தில் சம்ரீன் என்று ஒரு பெண் வேலை பார்க்கிறாள். பாலக்கரைக்காரி, வாய்த்துடுக்கு அதிகம். அவள்தான் மதியச் சாப்பாட்டில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "முன்னாடி சும்மா நின்னுட்டிருந்தோம்க்கா. இப்ப உங்க புண்ணியத்துல நாள் பூரா தோப்புக்கரணம் போடுறோம்."

யாரும் சிரிக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து பொன்னுத்தாயின் டிபன் பாக்ஸ் பக்கத்தில் வேறு யாருடைய டிபன் பாக்ஸும் இல்லை. முழங்கால் இப்போது இரண்டும் வீங்கின. எழும்போது கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. சவரிராயன் கெட்ட மனுஷன் இல்லை, தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னார்: தீபாவளி வரைக்கும் பார்ப்போம், முடியாதவர்களைக் குடோனுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். குடோன் பால்பண்ணைப் பக்கம் இருக்கிறது. அங்கே கட்டுத் தூக்குகிற வேலை. முழங்கால் போன ஆளைக் கட்டுத் தூக்க அனுப்புவது என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், பொன்னுத்தாய்க்கும் தெரியும்.

8

இதெல்லாம் செந்தமிழனுக்கு எப்படித் தெரியும்? அவன் போனான். அந்தத் தாளைத் திருப்பிக் கொடுக்கப் போவதாகச் சாக்கு வைத்துக்கொண்டு, ஒரு புதன்கிழமை மதியம் எஸ்கலேட்டரில் ஏறினான்.

பொன்னுத்தாய் உட்கார்ந்திருந்தார்.

(பார்த்தீர்களா, அந்த வாக்கியம் ஒரு தடவை உண்மையாகிவிட்டது. ஒரே ஒரு தடவை. அவன் தலை தெரிந்ததும் அவர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.)

உட்காருங்கள் என்றான். கண்ணாலேயே மேலே கேமராவைக் காட்டினார். நீங்கள் நிற்கிறவரைக்கும் நான் உட்கார முடியாது, ரூல் அப்படி என்றார். அவன் ஒரு சுடிதாரை எடுத்துப் பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டான். அவரும் இன்னும் இரண்டை விரித்துப் போட்டார். அப்படித்தான் பேச முடிந்தது.

"உங்களைப் பத்தி ஒரு கதை எழுதிட்டிருக்கேன்."

"அதுல நான் உக்காந்திருக்கனா சார்?"

அவன் சுடிதாரின் கழுத்து வேலைப்பாட்டைப் பார்த்தான்.

"ஒரு வரி எழுதி எங்க எல்லாரையும் எந்திரிக்க வெச்சீங்கல்ல. அதே மாதிரி ஒரு வரி எழுதி உக்கார வைங்க."

கோபமாகச் சொல்லவில்லை. லைட் கலரில் காட்டட்டுமா என்று கேட்பது போலத்தான் கேட்டார். செந்தமிழனுக்கு அவமானமாக இருந்தது. பேச்சை மாற்ற, வாடிக்கையாளர்களுக்கும் இங்கே ஒரு நாற்காலிகூட இல்லையே என்றான். அவர் அதற்கு, நின்றால் சீக்கிரம் எடுத்துக்கொண்டு போவீர்கள், உட்கார்ந்தால் யோசிப்பீர்கள் என்றார். பட்டுப் பிரிவில் மட்டும்தான் மெத்தை. பட்டு விரித்துப் பார்க்க இடம் வேண்டும், அதனால் வாங்குகிறவர்கள் மெத்தையில் உட்காருவார்கள், காட்டுகிற ஆண்களும் எதிரே உட்கார்ந்துதான் காட்டுவார்கள்.

"அவங்களுக்கு எந்திரிக்கவே தோணாது சார். எதிர்ல இருக்கவங்க உக்காந்துட்டா, நமக்கு ஏன் எந்திரிக்கத் தோணப்போகுது?"

அவன் தாளை நீட்டினான். கையெழுத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, இரண்டு கோடு போட்டிருப்பதையும் பார்த்துவிட்டு, நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு அவன் விரிக்க வைத்த மூன்று சுடிதாரையும் மடித்தார். செந்தமிழன் பார்த்துக்கொண்டு நின்றான். மடித்துக் கொடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது எஸ்கலேட்டரில் இறங்கும்போதுதான்.

9

முடிவுகள். எழுதிப் பார்த்ததெல்லாம் இங்கே கிடக்கிறது, வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஒன்றும் தேறவில்லை.

முதலாவது, வெற்றி. ஒன்பது பெண்களும் ஒரு காலையில் எழ மறுக்கிறார்கள், சின்னவர் மனம் திருந்துகிறார், அட்டையைக் கிழிக்கிறார். இதை எழுதி முடித்ததும் பயம் வந்தது. சின்னவர் படித்தால் அடுத்த விளம்பரத்துக்கு இதையே எடுத்துக்கொள்வார். 'எங்கள் ஊழியர்கள் எழ மாட்டார்கள்.' கேட்க நன்றாகவே இருக்கிறது, அதுதான் சிக்கல்.

இரண்டாவது, துயரம். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, நெரிசலில் முழங்கால் மடங்கிப் பொன்னுத்தாய் விழுகிறார். நான்கு பக்கம் வரும், படிக்கிறவர்கள் அழுவார்கள், அழுதுவிட்டுத் துணியெடுக்கப் போவார்கள். இந்த முடிவுக்கு எங்கேயாவது பரிசு கிடைக்கலாம். பொன்னுத்தாய்க்கு அல்ல, எனக்கு.

மூன்றாவது, அவர் எழுதிய தாளே பலித்துவிடுவது. இருபத்தைந்து வருடம் கழித்து, கடை, வெள்ளிக்கிழமை. 'பொன்னுத்தாய் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். படியேறி ஒருவர் வந்தார். அவரைக் கண்டதும் பொன்னுத்தாய்—' இங்கேயே நின்றுவிடுகிறது. மூன்று தடவை எழுதினேன். என் கைக்கும் வேறு வினைச்சொல் வரவில்லை.

நான்காவது முடிவே இல்லை, வெறும் போன்கால். செந்தமிழன் சின்னவரைக் கூப்பிட்டு, அந்த வரியை எடுத்துவிடலாம் என்று கேட்டான். சின்னவர் சிரித்துக்கொண்டே, அது இனி உங்கள் வரி இல்லை சார், ஒப்பந்தத்தில் கடைக்கு எழுதிக் கொடுத்துவிட்டீர்கள் என்றார். இந்தக் கதையைப் பற்றிச் சொன்னதும் உற்சாகமாகிவிட்டார். கடை சார்பில் தீபாவளி மலர் போடுகிறோம், அதிலேயே கொடுங்கள், விமர்சனம் வந்தால் நமக்குத்தான் பெருமை, முடிவு மட்டும் கொஞ்சம் நம்பிக்கையாக இருக்கட்டும் என்றார்.

கொடுத்துவிட்டேன். வேறு யாரும் கேட்கவில்லை. நீங்கள் ஒருவேளை இதை அந்த மலரில்தான் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படியானால் எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள், என்னுடைய அந்த ஒரு வரி பெரிய எழுத்தில் இருக்கும்.

10

ஆகவே முடிவை நான் எழுதவில்லை. அடக்கம் ஒன்றும் இல்லை, என்னால் ஆகவில்லை. நான் எழுதினால் அவர் எழுந்துவிடுகிறார், பதினோரு தடவை பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

ஆனால் சவரிராயனின் அட்டையை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். வாடிக்கையாளர் நிற்கும்போது என்றுதானே இருக்கிறது?

தீபாவளிக்குத் துணியெடுக்க எப்படியும் போவீர்கள். இந்தக் கடை இல்லை என்று சொன்னேன். இந்த மாடி இல்லாத கடை உங்கள் ஊரில் எது? எஸ்கலேட்டரில் ஏறுங்கள். எதிரே ஸ்டூலில் ஒரு பெண் இருப்பார். பொன்னுத்தாய் இல்லாவிட்டால் சம்ரீன். உங்கள் தலை தெரிந்ததும் அவர் கை கவுண்டர் விளிம்புக்குப் போகும். படியிலிருந்து கவுண்டருக்குப் பத்தடி இருக்கும், உங்களுக்குக் கிடைக்கிற நேரம் அவ்வளவுதான். உட்காருங்கள் என்று வாயால் சொல்லாதீர்கள், அதை நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். கையிலிருக்கிற பைகளை வைத்துவிட்டு, அங்கேயே, தரையில், சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். நாலு பேர் பார்ப்பார்கள். கூட வந்தவர்கள் கையைப் பிடித்து இழுப்பார்கள். சவரிராயன் ஓடிவந்து என்னம்மா, என்ன சார் என்பார். துணி பார்க்க வந்தோம் என்று சொல்லுங்கள். விரித்ததை மடித்துவிட்டு எழுந்திருங்கள், மடிக்கத் தெரியாவிட்டால் கேளுங்கள், சொல்லிக் கொடுப்பார்கள்.

நீங்கள் உட்கார மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். நானும் அந்தப் புதன்கிழமை உட்காரவில்லை, அவர் அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் நின்றுகொண்டேதான் கேட்டேன். இருந்தாலும் முதல் வாக்கியத்தை அடிக்காமல் அப்படியே விட்டு வைத்திருக்கிறேன். போய்விட்டு வந்து சொல்லுங்கள், அது பொய்யா இல்லையா என்று.